செந்தூல் – பினாங்கு, காரில் மூன்று நாள்: பத்து ஃபெரிங்கியிலிருந்து எழுதுகிறேன்

செந்தூல்_ரயிலடி | வெள்ளிக்கிழமை, இரவு 10.40

வணக்கம். அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று ஆறு பேர், ஏழு பேர் உட்காரும் காடி (கார்). இன்று காலை ஐந்தரைக்குக் கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் கிளம்பி இப்போது பினாங்குத் தீவின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் என்ன செய்யலாம் என்று பினாங்குக்காரர்கள் சொன்னால் பெரிய உதவி.

ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நின்று நின்று போனதால் எங்களுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ரவாங் தாண்டும்வரை இருட்டு. தஞ்சோங் மாலிம் பக்கம் விடிந்தது. தாப்பா ஓய்விடத்தில் பசியாறினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தாக வேண்டும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கணக்கில் நிறுத்தங்களை முன்பே குறித்து வையுங்கள். தாப்பா, சுங்கை பேராக் இரண்டிலும் கழிப்பறை சுத்தமாக இருந்தது, உட்கார நிழலும் இருந்தது.

ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு முன்னும் பின்னும் மலை ஏற்ற இறக்கம். அங்கே மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் இடப்பக்கம் மெதுவாக ஊர்ந்து ஏறின, வலப்பக்கம் சில காடிகள் மழையைக் கண்டுகொள்ளாமல் பறந்தன. நான் கியரைக் குறைத்து நடுத்தடத்திலேயே போனேன். அந்த இடத்தில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

தைப்பிங்கில் வெளியே இறங்கியதுதான் இன்றைய நல்ல முடிவு. ஏரிப் பூங்காவில் சாலையின் ஒரு ஓரத்திலிருந்து கிளைகள் மறு ஓரம் தாண்டி, தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து நிற்கும் அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஈய லம்பமாக (சுரங்கமாக) இருந்த பள்ளங்கள்தான் இப்போது ஏரி. மழை விட்ட நேரம். ஒவ்வொரு கிளையிலும் பாசி, அதில் பெரணி, அதன் நுனியில் சொட்டு. அப்பா குடையை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தார். வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பிற்பகல் ஒரு மணிக்குப் பினாங்குப் பாலம். பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். அம்மா பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பாதிப் பாலத்தில், "அந்தத் தீவு என்னப்பா? காடாவே இருக்கே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ சின்னத் தீவு என்று சொல்லிவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விடுதியில் ஒரு சங்கடம். கடல் பார்த்த அறை என்று கூடுதல் பணம் வாங்கினார்கள், கதவைத் திறந்தால் எதிரே குளிர்சாதனப் பெட்டிகளின் முதுகு. முன்பதிவுச் சீட்டைக் காட்டிப் பேசிய பிறகு நாளை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்பதிவுச் சீட்டைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது.

---

கிள்ளான்_அலை | வெள்ளிக்கிழமை, இரவு 11.05

அண்ணே, அடுத்த மாதம் நாங்களும் போகிறோம். பட்டர்வொர்த்தில் காடியோடு ஃபெரியில் ஏற முடியுமா? சின்ன வயதில் அப்பாவோடு அப்படிப் போன ஞாபகம். என் மகளுக்கும் அதைக் காட்ட ஆசை.

---

தண்ணீர்மலை_மகள் | வெள்ளிக்கிழமை, இரவு 11.32

கிள்ளான் தம்பி, முடியாது. இரண்டடுக்குப் பழைய ஃபெரி எல்லாம் ஓய்ந்துவிட்டது. 2021 தொடக்கத்திலிருந்து காடி ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும். 1894இல் தொடங்கிய சேவை அது, நாங்களெல்லாம் பள்ளிக்கூட நாளில் மேல்தட்டில் நின்று காற்று வாங்கியவர்கள். புலாவ் ரிமாவ், புலாவ் ஆங்சா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர். ஆனாலும் மகளை அழைத்துப் போங்கள். பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலில் காடியை விட்டுவிட்டு நடந்து ஏறலாம். ஜோர்ஜ்டவுன் தண்ணீருக்கு மேலே மெல்ல எழுந்து வருவதைப் பாலத்திலிருந்து பார்க்க முடியாது.

செந்தூல் அண்ணா, நாளைக்கு ஜோர்ஜ்டவுன் போவீர்கள்தானே? ஒன்பது மணிக்கு முன்னால் உள்ளே வந்துவிடுங்கள். பத்து ஃபெரிங்கி – தஞ்சோங் பூங்கா சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுக்கமாக வளைந்து வரும். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அங்கே நகர முடியாது. தெருவோரம் நிறுத்த வேண்டுமானால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை இன்றிரவே இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காடியை விடுதியிலேயே விட்டுவிட்டு 101ஆம் எண் பேருந்து ஏறுங்கள், நேரே படகுத்துறை வரை வரும். நகருக்குள் சுற்ற இலவச கேட் (CAT) பேருந்து இருக்கிறது.

தண்ணீர்மலைக்கு வந்தே ஆக வேண்டும், ஆனால் உங்கள் அப்பாவை மேலே ஏற்றாதீர்கள். பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. கீழே நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலில் படி இல்லை, மண்டபத்தில் குளிர்ச்சியாக உட்காரலாம். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளிரதம் வந்து சேருவது அங்கேதான். 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம். அது வரும்போது சாலை முழுக்கத் தேங்காய் மலை. சீனர்கள் வேண்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் உடைப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள் நான். தைப்பூச வாரத்தில் வராதவர்கள் பினாங்கைப் பாதிதான் பார்த்தவர்கள் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தீவைச் சுற்றுங்கள். தெலுக் பஹாங், பாலிக் புலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ். மொத்தம் எழுபது கிலோமீட்டர் அளவுதான். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மேற்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

---

பிறை_பழைய_லாரி | சனிக்கிழமை, காலை 5.50

தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முப்பது வருடம் லாரி ஓட்டி அந்தப் பாலத்தைத் தாண்டியவன். பாலம் 1985 செப்டம்பரில் திறந்தது, திறந்த மாதமே ஓட்டினேன்.

தீவுக்குப் போகும்போது இடப்பக்கம் தெரிவது புலாவ் ஜெரெஜாக். காடு மண்டிக் கிடக்கிறதே என்று நினைக்காதீர்கள். நம்மில் எத்தனையோ குடும்பத்துக்கு இந்த நாட்டில் கால் பட்ட முதல் மண் அதுதான்.

1800களில் தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் வந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வரும் கப்பலில் மேல்தளத்துப் பயணிகளை நேரே கரைக்கு விடமாட்டார்கள். வாந்திபேதி, அம்மை இருக்கிறதா என்று பார்க்க அந்தத் தீவில் இறக்கி வைப்பார்கள். நாள் கழிந்து ஒன்றும் இல்லை என்றால்தான் இக்கரைக்கு விடுவார்கள். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆள் பிரிப்பார்கள். பிறை, நிபோங் தெபால் பக்கத்துக் கரும்பு, தென்னை, ரப்பர்த் தோட்டங்களுக்கு எவ்வளவோ பேர் அப்படி வந்தவர்கள். பிற்காலத்தில், 1969இலிருந்து 1993 வரை, அதே தீவு சிறைச்சாலை. லாரிக்காரர்கள் நாங்கள் "ஜெயில் தீவு" என்றுதான் சொல்வோம்.

என் அப்பா ரஜூலா கப்பலில் வந்தார். 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970கள் வரைக்கும் ஓடியது. ஜெரெஜாக்கில் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் படுத்திருந்ததாகவும், இரவில் எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும் சொல்வார். இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊருக்குள் விடமாட்டேன் என்கிறார்களே என்று ஒருவர் அழுதாராம்.

உங்கள் அம்மாவின் தகப்பனார் எந்த வழியாக வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். 1938க்கு முன்னால் கூலிக்கு வந்தவர் என்றால் இந்தத் தீவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த வருடம்தான் இந்தியா கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது.

---

தைப்பிங்_மழை | சனிக்கிழமை, காலை 8.15

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரைப் பற்றி நல்லதாக எழுதிய செந்தூல் அண்ணனுக்கும் நன்றி. திரும்பும்போது நேரம் இருந்தால் தைப்பிங்கிலிருந்து கோலா செபெத்தாங் போங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885இல் நாட்டின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்குக்கும் அதற்கும் நடுவில். இன்றைக்கு அங்கே சதுப்புநிலக் காட்டு மரத்தை எரித்துக் கரி எடுக்கும் சூளைகள் இருக்கின்றன, பிள்ளைகள் ரசிப்பார்கள்.

---

செந்தூல்_ரயிலடி | சனிக்கிழமை, இரவு 11.20

ஐயா, உங்கள் பதிவைக் காலையில் பசியாறும்போது அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். "தீவுல வச்சிருந்தாங்கன்னு அப்பா சொல்வாரு. எந்தத் தீவுன்னு நாங்க யாரும் கேக்கல" என்றார். தாத்தா 1937இல், பதினேழு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். முதலில் நிபோங் தெபால் பக்கம் தோட்டம், போருக்குப் பிறகு செந்தூல் ரயில் பட்டறை. அதனால்தான் எங்களுக்குச் செந்தூல். எழுபது வயதில் அம்மா அந்தத் தீவைப் பார்த்துவிட்டு, அது எது என்று என்னைக் கேட்டிருக்கிறார். ஏதோ சின்னத் தீவு என்று பதில் சொன்னவன் நான். நாளைக்கு அதை நேராக நின்று பார்க்காமல் கேஎல் திரும்புவதில்லை.

இன்றைய நாளைச் சொல்கிறேன். எட்டரைக்கே ஜோர்ஜ்டவுன் வந்துவிட்டோம், தண்ணீர்மலை அக்கா சொன்னது அத்தனையும் சரி. முதலில் குயின் தெரு மகாமாரியம்மன் கோவில், 1833இல் கட்டியது. கோபுர வாசல் குயின் தெருவைப் பார்த்திருக்கிறது, முதுகு பின்னால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் சாலையில். அந்த ஒரே சாலையில் ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்துச் சீனர்களின் குவான் யின் கோவில், நம் அம்மன், அப்புறம் பள்ளிவாசல். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது. எண்ணிக்கொண்டே நடந்தான், ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று என்ன வாசனை வருகிறது என்று தங்கையிடம் சொன்னான். ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகை, அத்தர்.

அம்மா தேடியது வேறு. சூலியா தெரு மூலையில் நாகூர் தர்கா. 1800களின் தொடக்கத்தில் நாகூரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வியாபாரிகளும் கப்பலோட்டிகளும் தங்கள் ஊர் ஆண்டவர் நினைவாக எழுப்பியது. சுற்றிலும் கடைகள், நடுவில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்ன மினாராக்கள். கவனிக்காமல் போனால் தாண்டிப் போய்விடுவோம். தாத்தா கப்பல் ஏறும் முன் நாகூரில் வேண்டிக்கொண்டாராம், நல்லபடியாகத் திரும்பி வந்து காணிக்கை போடுகிறேன் என்று. அவர் திரும்பிப் போகவே இல்லை. அம்மா மஞ்சள் துணியில் ஒரு பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை முடிந்து எடுத்து வந்திருந்தார், எங்களிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. முடிச்சைப் பிரிக்காமல் அப்படியே உண்டியலில் தள்ளப் பார்த்தார். துளை சின்னது. அங்கிருந்த பெரியவர் வந்து, "அவுத்துப் போடுங்கம்மா, துணிய நீங்க வச்சுக்கங்க" என்றார். நாகப்பட்டினத்துக்காரர் பேரன் பேத்திகளா என்று கேட்டார். ஆமாம் என்றதும் பிள்ளைகள் கையில் கொஞ்சம் சீனி கொடுத்தார்.

சாப்பாடு: அம்மாவுக்குச் சனிக்கிழமை சைவம், மார்க்கெட் தெருப் பக்கம் வாழையிலை. அப்பாவையும் பெரியவனையும் அழைத்துக்கொண்டு நான் கேம்பல் தெருவில் ஹமீதியா. 1907இலிருந்து நடக்கும் கடை. நாசி கண்டார் என்றால் என்ன என்று பெரியவன் கேட்டான். கண்டார் என்பது தோளில் போடும் காவடித் தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்புப் பானை, நடுவில் தோள். நம் தமிழ் முஸ்லிம்கள் அப்படிச் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சோறு. அப்பா "பஞ்சிர்" (மலாயில் வெள்ளம்) என்று ஒரே சொல் சொன்னார். கரண்டிக்காரர் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கருப்பாக இருந்த இன்னொரு குழம்பு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார், சோறே தெரியவில்லை. மேலே முழு வெண்டைக்காய் இரண்டு, ஒரு துண்டு மீன்சினை. தனித்தனியாகச் சாப்பிட்டால் அந்த ருசி வராது. மூன்று குழம்பும் தட்டின் ஓரத்தில் கலக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் தெருச் சித்திரங்கள், தண்ணீர்மேல் சீனர்கள் குடியிருக்கும் சூ ஜெட்டி எல்லாம் பார்த்தோம். அர்மேனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸாக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளுக்கு முன் படம் எடுக்க நீண்ட வரிசை. மாலை பத்து ஃபெரிங்கிக் கடற்கரை. அறையையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

---

லுமுட்_பக்கம் | ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கடற்கரைக்காகப் பினாங்கு போகாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து ஃபெரிங்கித் தண்ணீர் கலங்கல், சொறிமீன் வேறு. கடல் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் பங்கோர் தீவுக்கு வாருங்கள், கேஎல்லிலிருந்தும் கிட்ட. பினாங்கு நகரத்துக்கு ஒரு நாள் போதும் என்பது என் கருத்து.

---

தண்ணீர்மலை_மகள் | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.45

லுமுட் அண்ணா, தண்ணீர் கலங்கல்தான், மறுக்கமாட்டேன். பிள்ளைகளை இறக்கும் முன் சிவப்புக்கொடி இருக்கிறதா, சொறிமீன் பற்றி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் கரை என்றால் குளிப்பதற்கு மட்டும்தானா?

ஃபெரிங்கி என்ற பெயரையே பாருங்கள். நாம் பறங்கி என்கிறோமே, அதே சொல்தான். மலாயில் பத்து என்றால் பாறை, ஆக, பறங்கியர் பாறை. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் நல்ல தண்ணீர் பிடிக்க ஒதுங்கிய இடம் என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். ஒரு மலாய் ஊர்ப்பெயருக்குள் நம் வீட்டுச் சொல் உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப்பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது சந்தோஷம்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போன நாள். இன்றும் அந்தத் தேதியில் தண்ணீரில் கால் வைக்காத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. இந்தக் கரையை யாராவது சும்மா "அழுக்கு" என்று தள்ளும்போது எனக்குப் பொறுக்காது.

---

லுமுட்_பக்கம் | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.10

மன்னிக்கவும் அக்கா. தண்ணீரை மட்டும் நினைத்துத்தான் எழுதினேன், உங்களைப் புண்படுத்த அல்ல. பறங்கி சங்கதி எனக்குப் புதிது.

---

செந்தூல்_ரயிலடி | திங்கட்கிழமை, காலை 9.15

நேற்று நள்ளிரவு வீடு வந்து சேர்ந்தோம். இன்று விடுப்பு, அதனால் பொறுமையாக எழுதுகிறேன்.

காலையில் தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து பிள்ளைகளோடு நான் மட்டும் கெராச்சுட் போய் வந்தேன். பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கடற்கரை. ஆமைக் காப்பகத்தில் குஞ்சுகளைத் தொட்டியில் பார்த்தார்கள். அருகே ஓர் ஏரி இருக்கிறது, மேலே மழைநீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்குமாம். நாங்கள் போனபோது பாதி வற்றியிருந்தது. கடலில் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், நீரோட்டம் பலம். திரும்பி வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பினோம்.

தெலுக் பஹாங் அணை தாண்டியதும் சாலை மலைமேல் ஏறுகிறது. இந்தப் பக்கம் இத்தனை காடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. குளிர்சாதனத்தை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். டுரியான் காலம் இல்லை, ஆனால் மரத்தடியில் பழம் கீழே விழாமல் பிடிக்கக் கட்டும் வலைகள் சில இடத்தில் தொங்கின.

பாலிக் புலாவ் போகும் வழியில் ஒரு கொட்டகைக் கடை. தட்டில் இளமஞ்சளாய், கொய்யா அளவில் காய்கள். என்ன பழம் என்று மனைவி கேட்டார். கடைக்கார அம்மா கத்தியால் ஒன்றை நடுவே பிளந்து கையில் வைத்தார். வெளியே வெள்ளைச் சதை, உள்ளே பளபளவென்று கரும்பழுப்பில் ஒரு கொட்டை, அந்தக் கொட்டையின் மேல் இரத்தச் சிவப்பில் வலை போட்ட மாதிரி ஒரு போர்வை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா முந்திக்கொண்டு, "ஜாதிக்காய்டா! இந்தச் செகப்புதான் ஜாதிபத்திரி" என்றார். என்னையும் தம்பியையும் உரைமருந்து கொடுத்து வளர்த்தவர், டப்பாவில் காய்ந்த கொட்டையாக மட்டும் பார்த்தவர். மரத்திலிருந்து வந்த ஈரக்காயை வாழ்நாளில் முதல்முறையாக இங்கே பார்க்கிறார். சிவப்பு வலையை நகத்தால் மெல்ல உரித்து, முகர்ந்து, பேத்தியின் மூக்கருகே நீட்டினார். நம் வீட்டில் கொட்டைதான் மருந்து, சதையைப் பற்றி நினைப்பதே இல்லை. இங்கே அந்தச் சதையைச் சர்க்கரையில் ஊறப்போட்டுத் தின்கிறார்கள், சாறு எடுத்துக் குடிக்கிறார்கள். கொஞ்சம் துவர்ப்பு, பின்னாலேயே ஒரு காரம், அப்புறம் நெஞ்சு குளிரும். ஊறல் இரண்டு டப்பா, ஈரக்காய் ஒரு கிலோ வாங்கினோம். காடி முழுக்க அந்த வாசனைதான், இன்னும் போகவில்லை.

தெலுக் கும்பார் வழியாக இறங்கி, மாலை ஐந்து மணிக்கு குவீன்ஸ்பே கடலோரம். அங்கேதான் ஜெரெஜாக் அவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது. வெயில் எங்கள் முதுகுப் பக்கம், தீவின் முகத்தில் நேராக விழுந்தது. மரம் மரமாகப் பிரித்துப் பார்க்கலாம். கரையில் சின்னச் சின்ன மீன்பிடிப் படகுகள், பாறைமேல் தூண்டிலோடு சிலர். அப்பா காடியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து அம்மாவுக்குப் போட்டார். அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவன், "பாட்டி, அங்க இருந்து நீந்தி வந்துடலாம் போலிருக்கே, தாத்தா ஏன் வரல?" என்றான். "அவருக்கு நீந்தத் தெரியாதுடா. நாகப்பட்டினத்துக்கும் உள்ள, வயக்காட்டு ஊரு" என்றார் அம்மா. அதற்கப்புறம் தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், நான் இதுவரை கேட்டிராததை எல்லாம். கப்பலில் அவருக்குச் சோறு பிடிக்காமல் போனது, ஒரு தகரப் பெட்டி மட்டும் வைத்திருந்தது, அதே பெட்டியில் பிற்காலத்தில் பட்டறைச் சம்பளச் சீட்டுகளை அடுக்கி வைத்தது. பிறை ஐயா எழுதிய அந்த எதிர்க்கரை விளக்குகளைப் பற்றி அவரும் சொன்னாரா என்று கேட்டேன். "வெளிச்சம் தெரியும்னு சொல்வாரு. கப்பல்ல இருந்துன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

முக்கால் மணி நேரம் இருந்தோம். திரும்பும்போது இரண்டாவது பாலம், பத்து காவான் பக்கம் இறங்குவது. நீளம் 24 கிலோமீட்டர். இம்முறை தீவு இடப்பக்கம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்தார். நிபோங் தெபால் பெயர்ப்பலகை வந்ததும் அதையும் காட்டினார்.

---

பிறை_பழைய_லாரி | திங்கட்கிழமை, காலை 10.40

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தத் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால் உள்ளே பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். என் அப்பாவின் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் கப்பல் பெயர் சுண்ணாம்பில் எழுதியிருந்தது, நாங்கள் தெரியாமல் கழுவிவிட்டோம்.

---

செந்தூல்_ரயிலடி | திங்கட்கிழமை, காலை 11.05

தம்பி வீட்டு மாடியில் இருக்கிறதாம் ஐயா. யாரும் கழுவ வேண்டாம் என்று இப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னேன். சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போய்த் திறக்கப் போகிறோம்.

---

கிள்ளான்_அலை | திங்கட்கிழமை, பிற்பகல் 1.20

அண்ணே, எங்கள் பாட்டியும் இந்த வழியில் வந்தவர்தான் என்று அப்பா இப்போது சொல்கிறார். குவீன்ஸ்பேயில் காடியை எங்கே விடுவது? அப்பாவுக்கு எண்பது, அதிகம் நடக்க முடியாது.

---

தண்ணீர்மலை_மகள் | திங்கட்கிழமை, பிற்பகல் 1.45

பேரங்காடியின் நிறுத்துமிடத்தில் விடலாம் தம்பி, கடல் எதிரிலேயே. அப்பாவைக் கரையோரம் இறக்கிவிட்டு நீங்கள் போய் நிறுத்திவிட்டு வாருங்கள். காலையில் போனால் சூரியன் தீவுக்குப் பின்னாலிருந்து எழும்பும், கண் கூசும். செந்தூல் அண்ணா போன மாதிரி ஐந்து மணிக்குப் போங்கள். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.